வாசலில் கழற்றிவிட்ட கால்கள்

அந்தக் காலத்தில் கல் பேசாது. ஆனால் கல்லுக்கு அடியில் இருந்ததெல்லாம் பேசும். தேள் பேசும், பூரான் பேசும், கரையான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பேசும். மலைகளும் இப்போது போல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே மலையாக இருந்தது. பெருமலை என்று பேர். இந்தக் கோடியில் ஒருத்தர் தும்மினால் அந்தக் கோடியில் இருப்பவர் "நூறாயுசு" என்பார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அப்போதெல்லாம் கால் என்பது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கழற்றலாம், மாட்டலாம். வெளியே கிளம்பும்போது மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றைக் குளுகுளுவென்று தரையில் போட்டுப் படுப்பார்கள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் காலை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். காலோடு நுழைகிறவனை நல்ல குடும்பத்தில் பிறந்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த வழக்கத்தால் ரொம்ப அவதிப்பட்டது பூரான்தான். ஒரு விருந்துக்குப் போனால், அது வாசலில் உட்கார்ந்து கடைசிக் காலைக் கழற்றி முடிப்பதற்குள் உள்ளே பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். சரி என்று திரும்பவும் முதல் காலிலிருந்து மாட்டத் தொடங்கும். மாட்டிக்கொண்டே வீட்டுக்காரனைத் திட்டும். பூரானுக்கு வாயில் விஷம் வந்தது அப்படித்தான் என்று சொல்கிறார்கள். அது வேறு கதை.

பெருமலையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சப்பட்டைக் கல்லுக்கு அடியில் அரணைக் குடும்பம் ஒன்று இருந்தது. மூத்தவன் நல்லப்பன். நடுவில் தங்கச்சி அங்காயி. கடைசியில் தம்பி பொம்மன். மூவருக்கும் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கிற உடம்பு. ஆளுக்கு நாலு நல்ல கால்.

நல்லப்பனுக்குத் தன் கால்மேல் உயிர். விடிந்ததும் நாலையும் கழற்றிப் பனித்தண்ணீரில் கழுவி, புல்லில் துடைத்து, வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். விரல் விரலாக ஊதுவான். பொம்மனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. சாப்பாடு இருக்கிற இடத்துக்குப் போவதற்குத்தான் கால். சாப்பாடே தன்னிடம் வந்துவிட்டால் கால் எதற்கு என்று கேட்கிற ஆள் அவன்.

அந்தக் குடும்பத்துக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். மறதி. சாதாரண மறதி இல்லை. பொம்மன் ஈசல் பிடிக்கப் பாய்வான். பாதி தூரத்தில் நின்றுவிடுவான். "எதுக்கு ஓடி வந்தேன்?" என்று யோசிப்பான். ஈசலே பாவப்பட்டு ஞாபகப்படுத்தினால்தான் உண்டு. அங்காயியின் புருஷன் கொஞ்ச நாளுக்கு முன் ஒரு காலையில் "தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று கிளம்பிப் போனான். திரும்பும் வழி மறந்துபோய், வேறொரு கல்லுக்கு அடியில் வேறொரு குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கிறான் என்று கேள்வி. அங்காயி அதற்காக அழவில்லை. சில நாளில் அவன் பேரும் அவளுக்கு மறந்துவிட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் மறக்கவே முடியவில்லை. அவள் இட்ட முட்டைகளில் ஒன்றுகூட இதுவரை குஞ்சாகவில்லை.

புதருக்குள் இட்டுப் பார்த்தாள். சருகுக்குள் இட்டுப் பார்த்தாள். பட்டுப்போன மரத்தின் வேரடியில் இட்டுப் பார்த்தாள். எங்கே இட்டாலும் காட்டுக்கோழி செங்காலி கண்டுபிடித்துவிடும். அது திருட்டுத்தனமாகவும் வராது. ஊர் நியாயம் பேசிக்கொண்டே வரும்; பேசிக்கொண்டே கிளறும்.

இந்த முறையும் அங்காயியின் வயிறு மேடிட்டதும் செங்காலி வந்து நின்றது.

"என்ன அங்காயி, மேலு கொஞ்சம் பூசினாப்பல இருக்குது? விசேஷமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஈசல் கொஞ்சம் அதிகமாத் தின்னுட்டேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. அப்புறம் பாத்தா அந்த ஈசலுக்கு ஓடு இருந்துச்சு. உள்ள மஞ்சக்கரு வேற."

அங்காயி வயிற்றைச் சருகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கமா வெக்கறதா உத்தேசம்? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். சொல்லாட்டியும் பரவாயில்ல. நானே தேடிக்குவேன். எனக்கும் வேற வேலை என்ன இருக்குது?"

செங்காலி தலையை ஒரு பக்கம் சாய்த்து அவள் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளறிக்கொண்டே போய்விட்டது.

அங்காயி கல்லுக்கு அடியில் வந்து விழுந்தாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் என்னால ஆகாது அண்ணா. இன்னொரு தடவை ஓட்டைப் பொறுக்கிட்டு நிக்க முடியாது" என்றாள்.

"நான் காவல் இருக்கேன் அக்கா" என்றான் பொம்மன்.

"போன தடவையும் நீதான்டா காவல் இருந்தே."

"இருந்தேனே. ஒரு அடி நகரல. எதுக்குக் காவல் இருக்கோம்கறதுதான் மறந்துபோச்சு. கோழி வந்து வழி கேட்டுச்சு, காட்டிவிட்டேன்."

நல்லப்பன் தன் வலது முன்காலை ஊதிக்கொண்டே யோசித்தான். "கோழி கால் எட்டற வரைக்கும்தான் கிளறும். அதுக்கும் கீழ போயிட்டா அது என்ன பண்ணும்? மண்ணுக்குள்ள போகணும் அம்மிணி. ஈரம்மா வீட்டுக்குப் போவோம்."

ஈரம்மா ஒரு மண்புழு. பெருமலையின் அடிவயிறு முழுக்க அவள் வீடுதான். அறை அறையாக, வளைவு வளைவாக, சாணி போட்டு மெழுகியது போல வழவழவென்று வைத்திருப்பாள். சுத்தம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு வெறி. ஒரு மண் உருண்டை இடம் மாறியிருந்தாலும் யார் வந்தது என்று விசாரணை வைப்பாள்.

மூவரும் போய் வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து சிவப்பாக ஒன்று நீண்டு வந்தது. நல்லப்பன் பணிவாகத் தலையைத் தாழ்த்தி, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "என் மூஞ்சி இங்க இருக்குது கண்ணு. நீ கும்பிட்டது வேற இடம்."

பொம்மன் சிரித்துவிட்டான். நல்லப்பன் அவன் வாலை மிதித்தான். பிறகு அங்காயி விஷயத்தைச் சொன்னாள். செங்காலி பேசியதையும் சொன்னாள். ஈரம்மா முழுக்கக் கேட்டாள். அவளுக்கும் கோழி என்றால் ஆகாது. அவள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கோழியின் அலகில் போனவர்கள்.

"ஒரு அறை ஒழிச்சுத் தாரேன். பொரிக்கற வரைக்கும் இருந்துக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். காலு உள்ள வரக்கூடாது. அந்த நண்டுப் பய இப்படித்தான், 'ரெண்டே காலு மட்டும் வெச்சுக்கறேன், ஒரு பிடிமானத்துக்கு'ன்னு கெஞ்சிட்டு உள்ள வந்தான். நடுக்கூடமே இடிஞ்சு போச்சு."

"ஐயோ, நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்கக்கா" என்று அங்காயி அங்கேயே தன் காலைக் கழற்றத் தொடங்கினாள்.

நல்லப்பன் மட்டும் கழற்றவில்லை. தங்கச்சியை ஓரமாகக் கூப்பிட்டான். "அவசரப்படாத. இப்படி வாசல்ல ஜோடியா விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது இருக்குமா? அன்னிக்கு உடும்பு வீட்டு விருந்துல எனக்கு என்ன ஆச்சு? நல்ல காலு ரெண்டை எவனோ மாட்டிட்டுப் போயிட்டான், மறுநாள்தான் திருப்பிக் கிடைச்சுது. ஒரு ஓணானோட பழைய காலு ரெண்டுதான் மிச்சம் கிடந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு மலையேறி வந்தேன். வழி பூரா தலை தானா ஆடுச்சு."

"அதுக்கு இப்ப என்ன பண்ணறது?"

"ஒண்ணை இங்க, ஒண்ணை அங்கன்னு தனித்தனியா விடணும். ஒத்தைக் காலை வெச்சுக்கிட்டுத் திருடன் என்ன பண்ணுவான்? ஜோடி தேடி மலை பூரா அலைவானா? போட்டுட்டுப் போயிடுவான்."

நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. அங்காயிக்கு ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. "அப்புறம் எது எங்கன்னு நமக்கு ஞாபகம் இருக்குமா அண்ணா?"

மூவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு இருக்கும்" என்றான் நல்லப்பன்.

"எனக்கும் இருக்கும்" என்றான் பொம்மன். கொஞ்சம் கழித்து, "எது?" என்றான்.

அங்காயி ஒரு காலை ஆவாரஞ்செடிக்கு அடியில் வைத்தாள். ஒன்றைக் கற்றாழை மடலின் இடுக்கில் செருகினாள். ஒன்றைக் கரையான் புற்றுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். கடைசிக் காலைத் தங்கள் சப்பட்டைக் கல்லுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள். நல்லப்பன் தன்னுடையதை மலையின் மேற்குப் பக்கம் முழுக்கப் பரப்பி வைத்தான். பொம்மனுக்கு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். கிழக்குப் பக்கம் பார்த்து நாலையும் தூக்கி எறிந்தான். விழுந்த இடம்தான் வைத்த இடம்.

பிறகு மூவரும் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார்கள்.

உள்ளே போனதும் அங்காயிக்கு ஆச்சரியமாக இருந்தது. மண் அவளுக்கு வழிவிட்டது. வாலை ஒரு அசைப்பு, தோளை ஒரு நெளிப்பு, அவ்வளவுதான். தண்ணீரில் மீன் போவது போலப் போனாள். வெயில் இல்லை. சருகுச் சத்தம் இல்லை. தலைக்கு மேலே நிழல் விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்தப் பயம் இல்லை. ஈரம்மா ஒழித்துக் கொடுத்த அறையில் போய்ச் சுருண்டு, மொச்சைக் கொட்டை போல வெள்ளை வெளேரென்று ஒரு குவியல் முட்டை இட்டாள். இட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் தூங்கியது அன்றைக்குத்தான்.

பொம்மனுக்கும் வசதியாகத்தான் இருந்தது. கரையான் அவன் படுத்திருக்கிற அறை வழியாகவே வரிசையாகப் போனது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் போதும்.

நல்லப்பனுக்கோ உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உடம்பு உள்ளே, உயிர் வெளியே.

"மேல ஏதோ சத்தம் கேட்டுச்சு அம்மிணி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

போவான். நாலு காலும் வைத்த இடத்தில் இருக்கும். அப்படியும் மனசு ஒப்பாமல் ஒரு காலை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு வருவான். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "அந்த இடம் அவ்வளவு சரியில்ல" என்று கிளம்புவான். வாசல் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறையும் மறந்துவிடும். தலை போன பக்கம் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுவான். அதனால் ஒவ்வொரு போக்குவரத்துக்கும் ஒரு புது ஓட்டை.

ஈரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏன் கண்ணு, இது வீடா சல்லடையா? இத்தனை ஓட்டையை யார் அடைக்கறது?"

"நான் அடைச்சுத் தாரேங்கக்கா."

சொன்னான். அடைக்கவில்லை. மனசில் வஞ்சகம் இல்லை, மறந்துபோனான்.

அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. முட்டைகளின் தோல் மெலிந்து உள்ளே சின்னச் சின்ன அசைவு தெரியத் தொடங்கியது. அங்காயி அவற்றின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். மேலே செங்காலி வந்து பறக்பறக்கென்று கிளறுவது கேட்கும். கால் எட்டுகிற வரைக்கும் கிளறும். அதற்குக் கீழே எட்டாது. "எங்கதான் போயித் தொலைஞ்சாளோ" என்று அது முனகுவது கேட்கும்போது அங்காயிக்கு மண்ணுக்குள்ளேயே உருண்டு சிரிக்கவேண்டும் போலிருக்கும்.

ஒருநாள் பகலில் மழை வந்தது.

மழை என்று சொல்வதா, வானத்தின் அடி கழன்று விழுந்தது என்று சொல்வதா தெரியவில்லை. பெருமலையின் தலையில் விழுந்த தண்ணீர் வழி தேடி நிற்கவில்லை. வழி வெட்டிக்கொண்டு இறங்கியது. பாறைகள் உருண்டன. மரங்கள் வேரோடு கிளம்பின. மலையே நடுங்கியது.

ஈரம்மாவுக்குத்தான் முதலில் மூச்சு முட்டியது. "மண்ணு பூரா தண்ணியாப் போச்சு. நான் மேல போறேன், நீங்களும் வாங்க!" என்று கத்திக்கொண்டே நெளிந்து ஏறினாள்.

"என் காலு!" என்று அலறினான் நல்லப்பன். மேற்குப் பக்கத்து ஓட்டை வழியாக வெளியே பாய்ந்தான்.

"எனக்கும் கால் இருந்துச்சுல்ல?" என்று எழுந்தான் பொம்மன். அவன் கிழக்குப் பக்கமாகப் போனான்.

அங்காயி முட்டைகளைப் பார்த்தாள். முட்டைகளுக்குக் கால் இல்லை. அவை எங்கே போகும்?

மேலே நல்லப்பன் தண்ணீரில் மிதந்த தன் கால்கள் நாலையும் ஒன்றொன்றாக வாயில் கவ்விப் பிடித்துவிட்டான். அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தக் கால் எங்கே என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் ஆவாரஞ்செடி வேரோடு போவதையும், அதன் கிளையில் சிக்கியிருந்த தங்கச்சியின் காலையும் பார்த்தான்.

"அங்காயி! உன் காலு போகுது! வெளிய வா!" என்று ஓட்டையில் முகத்தை வைத்துக் கத்தினான். வாயைத் திறந்ததில் அவனுடைய கால் நாலும் தண்ணீரில் விழுந்தன. விழுந்தடித்துக்கொண்டு கவ்விக்கொண்டான்.

"அதைப் பிடிச்சு வையுங்கண்ணா!"

"ம்ம்ம்ம் ம்ம்ம்!" என்றான். வாய் நிறையக் கால். பிறகு பொறுக்கமாட்டாமல், "எதாலடி பிடிக்கறது? நீ வா!" என்று கத்தினான். மறுபடி நாலும் தண்ணீரில். மறுபடி அவற்றைத் துரத்திக்கொண்டு போனவனை வெள்ளம் மேற்கே இழுத்துக்கொண்டு போனது.

அப்போது அங்காயிக்கு ஒரு விசித்திரம் நடந்தது. பிறந்ததிலிருந்து எதையும் ஞாபகம் வைத்திராதவளுக்கு, எல்லாம் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஆவாரஞ்செடிக்கு அடியில் ஒன்று. கற்றாழை இடுக்கில் ஒன்று. புற்றுக்குப் பின்னால் ஒன்று. சப்பட்டைக் கல்லுக்கு அடியில் ஒன்று. ஆவாரஞ்செடி போய்விட்டது. மற்ற மூன்றும் இருக்கிற இடத்துக்கு இப்போது ஓடினால் பிடித்துவிடலாம். மூன்று கால் என்றாலும் கால்தானே.

அவள் எழுந்தாள். அதே நேரம் நல்லப்பன் போன ஓட்டை வழியாகத் தண்ணீர் கயிறு போல இறங்கி, அறையின் மூலையில் விழுந்தது. ஓரத்து முட்டை ஒன்று மெல்ல மிதந்தது.

அங்காயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாலை முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் அந்த ஓட்டைக்குள் செருகி, மூச்சைப் பிடித்து உடம்பை உப்பவைத்தாள். பாட்டிலுக்குத் தக்கை போல அடைந்துகொண்டாள். கால் இருந்திருந்தால் அந்த ஓட்டைக்குள் அவள் நுழைந்தே இருக்கமாட்டாள். மற்ற ஓட்டைகளை வெள்ளத்துச் சேறே அடைத்திருந்தது; தண்ணீர் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. வெள்ளம் முழுக்க அவள் முகத்தின்மேல் ஓடியது. கல் வந்து மோதியது. சருகு வந்து மோதியது. பிறகு ஏதோ ஒன்று மெத்தென்று வந்து அவள் மூக்கில் தட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுடைய கால். சப்பட்டைக் கல்லுக்கு அடியில் வைத்தது. ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, கூப்பிடுவது போல அவள் முகத்துக்கு நேராக ஆடியது. வாயைத் திறந்தால் போதும், கவ்விக்கொள்ளலாம். ஆனால் வாயைத் திறந்தால் பிடித்த மூச்சு போகும். மூச்சு போனால் உடம்பு இளைக்கும். இளைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

அங்காயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கால் இன்னொருமுறை மூக்கில் தட்டியது. பிறகு தட்டவில்லை.

மழை விட்டபோது பெருமலை இல்லை. வெள்ளம் அதை வெட்டி, நடுவில் இரண்டு பெரிய பள்ளத்தாக்குகளைத் தோண்டிவிட்டுப் போயிருந்தது. மேற்கே ஒரு மலை, கிழக்கே ஒரு மலை, நடுவில் அங்காயி இருந்த சின்னக் குன்றாக ஒரு கரடு. பின்னாளில் வந்தவர்கள் அவற்றுக்கு நெட்டைமலை, சட்டிமலை, குட்டைக்கரடு என்று பேர் வைத்தார்கள். மலை முழுக்க எல்லாரும் பதறிப்போய்க் காலை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் செத்தாலும் கழற்றுவதில்லை என்று பூரான் எல்லாருக்கும் முன்னால் சத்தியம் செய்தது. மற்றவர்களும் செய்தார்கள். கழற்றாமலே வைத்திருந்ததில் கால்கள் நாளடைவில் ஒட்டிப்போயின.

நெட்டைமலையில் ஒதுங்கிய நல்லப்பன், ஊறிப்போன தன் கால்களைப் பாறையில் காயவைத்தான். அவசரத்தில் நல்ல வெயிலில் வைத்துவிட்டான். புதுத்துணியை முதல் தடவை நனைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. நாலும் சுருங்கி அரிசி முனை அளவுக்கு வந்துவிட்டன. மாட்டிக்கொண்டு நின்றான். நின்றதாக அவன்தான் நினைத்தான். வயிறு தரையில் கிடந்தது, கால் நாலும் காற்றில் ஆடின.

சட்டிமலையில் பொம்மனுக்கு இரண்டு கால்தான் கிடைத்தது. மற்ற இரண்டை எங்கே எறிந்தோம் என்பது அவனுக்கு நினைவில்லை. நாலு இருந்தது என்பதுகூடப் பாதி மறந்துவிட்டது. இரண்டையும் முன்னால் மாட்டிப் பார்த்தான், பின்பக்கம் இழுத்தது. பின்னால் மாட்டிப் பார்த்தான். மூக்கு மண்ணில் இடித்தது. மண்ணில் கரையான் இருந்தது. "இதுவே நல்லா இருக்குது" என்று விட்டுவிட்டான்.

இருவரும் மலை விளிம்பில் வந்து நின்று கூவினார்கள்.

"அங்காயி! உசுரோட இருக்கியா?"

"இருக்கேன் அண்ணா! முட்டையும் இருக்குது!"

"காலு?"

"அது ஒண்ணுதான் இல்ல!"

நல்லப்பன் தலையைப் பாறையில் மோதிக்கொண்டான். "என்னாலதான் ஆச்சு அம்மிணி. தனித்தனியா வெக்கச் சொன்னது நான்தான். இரு, இப்பவே வாரேன். உன் காலைத் தேடி எடுத்துக்கிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்!"

"நானும் வாரேன் அக்கா!"

சொன்னபடி கிளம்பவும் செய்தார்கள். வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நல்லப்பன் பள்ளத்தாக்கின் பாதி வரைக்கும் இறங்கினான். அங்கே நின்றான். "எதுக்கு இறங்கி வந்தோம்?" என்று யோசித்தான். ரொம்ப முக்கியமான காரியம் என்பது மட்டும் தெரிந்தது. என்ன காரியம் என்பது தெரியவில்லை. வீட்டில் எதையோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பி ஏறினான். உச்சிக்குப் போனதும் ஞாபகம் வந்தது. மறுபடி இறங்கினான். அந்தப் பக்கம் பொம்மனும் அப்படியே. ஏறுவதும் இறங்குவதுமாக இருவருக்கும் அங்கங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம் ஆகி, குடும்பம் பெருகிவிட்டது. அந்தக் காலத்தில் பெற்றவர்களிடம் என்ன கால் இருக்கிறதோ அதையேதான் பிள்ளைகளும் கொண்டுவரும். நல்லப்பன் வீட்டில் எல்லாம் நாலு அரிசிமுனைக் கால். பொம்மன் வீட்டில் எல்லாம் பின்னால் இரண்டு.

மழை விட்ட பின் அங்காயி மண்ணுக்கு மேலே தலை நீட்டிய முதல்நாள், ஒரு சாரைப்பாம்பு வந்து வழிமறித்தது. மேலும் கீழும் பார்த்தது. முகமெல்லாம் மலர்ச்சி.

"அட, நம்ம கூட்டத்துப் பொண்ணு! இத்தனை நாளா எங்க இருந்தே சாமி? எந்த ஊரு? நம்ம மச்சான் வழியா, மாமன் வழியா?"

"நான் உங்க கூட்டமில்லீங்க. அரணை வீட்டுப் பொண்ணு."

"காலில்லாதவங்க எல்லாம் ஒரே கூட்டம்தான். கூச்சப்படாத. என் பெரிய பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கோம்..."

அங்காயி கண்ணை மூடித் திறந்தாள். பாம்பு திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

"அதென்ன பண்ணினே இப்ப?"

"எதுங்க?"

"கண்ணு! கண்ணை மூடினே! திறந்தே!"

"எல்லாரும் பண்றதுதானுங்களே."

"எங்க வீட்டுல யாரும் பண்ணமாட்டோம்" என்றது பாம்பு. கொஞ்சம் யோசித்தது. "பையனுக்கு இப்ப அவசரமில்ல. நாங்க அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று வந்த வழியே நழுவிவிட்டது.

அங்காயி சிரித்துக்கொண்டே மண்ணுக்குள் திரும்பினாள். அன்றைக்குத்தான் முதல் முட்டையின் தோல் கிழிந்தது. அதிலிருந்து நூல் போல ஒன்று நெளிந்து வெளியே வந்தது. தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரு முட்டைகூட வீணாகவில்லை. அங்காயி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். அவளைப் போலவே எதற்கும் கால் இல்லை. எல்லாவற்றுக்கும் பசி இருந்தது.

குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் தலைக்கு மேலே பறக்பறக்கென்று சத்தம் கேட்டது. மண்ணில் ஒரு கீறல் விழுந்து வெளிச்சம் வந்தது. குஞ்சுகள் கீறல் வழியாக எட்டிப் பார்த்தன. மேலே செங்காலி கிளறிக்கொண்டிருந்தது.

"அம்மா, அம்மா! அங்க பாரேன். அந்தம்மா வயித்துக்குக் கீழ ரெண்டு குச்சி மாட்டிக்கிச்சு!"

"சத்தம் போடாதீங்க. அது குச்சியில்ல. அதுக்குப் பேரு காலு."

"ஐயோ பாவம்" என்றது ஒரு குஞ்சு. "எப்படிம்மா அதை வெச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள போவாங்க?"

"போகமாட்டாங்க."

"போகவே முடியாதா? எப்பவும் மேலயேதான் நிக்கணுமா? வெயில்லயா?"

"ஆமாம்."

குஞ்சுகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "யாராச்சும் அதைக் கழட்டிவிடக்கூடாதாம்மா?"

அங்காயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிட்டது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஈரம் இருக்கும் பக்கமாக இன்னும் கொஞ்சம் கீழே போனாள். மேலே செங்காலி வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

அந்த மழை விட்ட நாளிலிருந்துதான், ஒரே வயிற்றில் பிறந்த அரணைக் குடும்பத்துக்கு மலைக்கு மலை கால் மாறிப்போனது. நெட்டைமலையில் கல்லைப் புரட்டினால் எதற்கும் உதவாத நாலு காலோடும், சட்டிமலையில் புரட்டினால் பின்னால் இரண்டு காலோடும், குட்டைக்கரட்டில் புரட்டினால் ஒரு காலும் இல்லாமலும் அவை கிடக்கும். கல்லைப் புரட்டியது யார் என்று ஒருமுறை கண்ணை மூடித் திறந்து பார்க்கும். பார்த்துவிட்டு, எதற்குப் பார்த்தோம் என்பதை மறந்து, மண்ணுக்குள் போய்விடும்.